பசித்த பயிருக்கு ஒரு நோய், திகட்டிய பயிருக்கு ஒரு நோய்

கேள்வி: மன்னார்குடி வட்டத்தில் எங்களுக்குப் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர், நிலம் இருக்கிறது. பத்து மா வாய்க்கால் ஓரத்துப் பள்ள வயல், நல்ல களிமண். மீதி ஐந்து மா கொஞ்சம் தள்ளி, மணல் கலந்த மேட்டு வயல். சம்பாவுக்கு இரண்டிலும் பி.பி.டி. 5204, எங்கள் பக்கத்தில் ஆந்திரா பொன்னி என்பார்களே, அதுதான் நடுகிறோம்.

மூன்று வருஷமாகக் கார்த்திகை பிறந்தால் இலையில் புள்ளி விழுகிறது. பள்ள வயலில் கண் மாதிரி நீளமான புள்ளி, நடுவில் சாம்பல் நிறம். தை மாதம் கதிர் வந்த பிறகு கழுத்துக் கறுத்து மடங்கிப் பாதிக் கதிர் பதராகிவிடுகிறது. மேட்டு வயலில் எள் தூவியதுபோலச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளி. பயிரும் வெளுத்திருக்கும். நெல்மணியிலும் கறை. கடையில் இரண்டுக்கும் டிரைசைக்ளசோல் என்ற ஒரே மருந்தைத்தான் கொடுத்தார்கள். போன சம்பாவில் மூன்று தடவை அடித்தோம்.

ஏக்கருக்கு அடியுரம் ஒரு மூட்டை டி.ஏ.பி., அதன் பிறகு நாலு மூட்டை யூரியா. நட்ட இருபதாம் நாள் ஒரே தடவையாக இரண்டு மூட்டை போட்டுவிடுவோம், ஆள் கூலி மிச்சமாகும் என்று. பொட்டாஷ் விலை ஏறியதிலிருந்து அதை நிறுத்திவிட்டோம். வைக்கோலைக் கட்டுக் கட்டும் இயந்திரக்காரர் வந்து எடுத்துக்கொள்கிறார்.

உரத்தைச் சரியாகப் போட்டாலே பூஞ்சாண நோய் பாதி குறையும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சாம்பல் போடு என்கிறார் பக்கத்து வயல்காரர். சிலிக்கா வாங்கு என்கிறார் கடைக்காரர். எதை நம்புவது? மருந்து அடிப்பதை விட்டுவிடலாமா? வைக்கோலை விற்பது தப்பா?

— மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: புள்ளியின் வடிவத்தையும் நிறத்தையும் எந்த வயலில் எது என்பதையும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு தூரத்திலிருந்து என்னால் பதில் சொல்ல முடிகிறது. உங்களிடம் இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. பள்ள வயலில் இருப்பது குலை நோய். மேட்டு வயலில் இருப்பது செம்புள்ளி நோய், பழுப்புப் புள்ளி என்றும் சொல்வார்கள். இரண்டும் பூஞ்சாணத்தால் வருபவை, இரண்டும் இலையில் புள்ளியாகத் தொடங்குபவை. ஆனால் உரத்தைப் பொறுத்தவரை இவை நேர் எதிர். குலை நோய் தழைச்சத்து திகட்டிப்போன பயிரைத் தேடி வருகிறது. செம்புள்ளி பசித்த பயிரைத் தேடி வருகிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வயலுக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் ஊட்டியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே அளவு, ஆனால் மண் வேறு.

மேலே போவதற்கு முன் இரண்டு சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வெளுத்து நிற்கும் கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த தடம் தெரிந்தால் அது தண்டுத் துளைப்பான் செய்த வெண்கதிர். கதிரின் கழுத்துக் கணு கறுத்து, இழுத்தாலும் உருவாமல் நின்றால் குலை நோய். இரண்டாவது, மேட்டு வயலில் பழுப்புப் புள்ளி எப்போது தொடங்குகிறது என்று கவனியுங்கள். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அடி இலைகளில் துருப் பிடித்ததுபோலத் திட்டுத் திட்டாகப் பரவி, பயிர் குட்டையாக நின்றால் அது பூஞ்சாணமே இல்லை, துத்தநாகக் குறை. வடநாட்டில் தராய் பகுதி விவசாயிகள் அதைக் 'கைரா' என்று அழைத்து வந்தார்கள். அது நோய்க்கிருமியால் வருவதில்லை, துத்தநாகம் போட்டால் தீரும் என்று 1960-களில் பந்த்நகரில் ஒய்.எல். நேனே கண்டறிந்து சொன்னார். இன்றைக்கும் அந்தத் துருவைப் பார்த்துப் பூஞ்சாணக் கொல்லி வாங்குகிறவர்கள் உண்டு.

இனி பள்ள வயல். குலை நோய் நம் டெல்டாவுக்குப் புதிதில்லை. 1918-19 வாக்கிலேயே தஞ்சைப் பகுதியில் இது பெருஞ்சேதம் செய்ததாகப் பதிவு இருக்கிறது. அப்போது யூரியா மூட்டை என்ற ஒன்றே கிடையாது. ஆகவே எல்லாப் பழியையும் யூரியாமேல் போடுவதும் சரியாகாது. நோய்க்கு இடம் கொடுக்கும் ரகம், மூட்டமான பகல், இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ந்த இரவு, விடிந்தும் வெகுநேரம் இலையில் தங்கும் பனி இவையெல்லாம் சேர்ந்தால்தான் நோய் வெடிக்கும். பி.பி.டி. 5204 குலை நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் ரகம். கார்த்திகை மார்கழி வானம் நம் கையில் இல்லை. தழைச்சத்து மட்டும்தான் முழுக்க நம் கையில் இருக்கிறது.

அந்தப் பூஞ்சாணம் இலைக்குள் எப்படி நுழைகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். அதன் வித்து காற்றில் வந்து இலைமேல் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. பனிநீர் கிடைத்தால் அன்றிரவே முளைத்து, முளையின் நுனியில் ஒரு குமிழை உண்டாக்குகிறது. குமிழின் சுவருக்குள் மெலனின் என்ற கருநிறப் பொருள் படிந்து அது இறுகுகிறது. உள்ளே நீர் ஏறி அழுத்தம் பெருகுகிறது. எண்பது வளிமண்டல அழுத்தம் வரை ஆய்வுக்கூடத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல முப்பது, நாற்பது மடங்கு. அந்த விசையோடு ஒரு மெல்லிய முளையை இலைத்தோலுக்குள் செலுத்திவிடுகிறது. நீங்கள் அடித்த டிரைசைக்ளசோல் மருந்து செய்வது என்ன தெரியுமா? பூஞ்சாணத்தைக் கொல்வதில்லை. அந்த மெலனின் உண்டாகாமல் தடுக்கிறது. மெலனின் இல்லாத குமிழுக்கு அழுத்தம் தாங்காது, நுழைய முடியாது. ஆகவே நுழைவதற்கு முன்பு இலையில் இருந்தால்தான் அந்த மருந்துக்கு வேலை. நுழைந்து புள்ளியும் விழுந்த இலைக்கு அது எதுவும் செய்யாது. உங்கள் மூன்று தெளிப்பும் புள்ளியைப் பார்த்த பிறகு அடித்தவை என்றால் பலன் குறைந்ததில் வியப்பில்லை. மேட்டு வயலின் செம்புள்ளிக்கு அந்த மருந்தை நம்பியிருக்கவும் வேண்டியதில்லை.

பூஞ்சாணம் உள்ளே நுழைந்த பிறகு அதற்குச் சாப்பாடு வேண்டுமே. அங்கேதான் யூரியா வருகிறது. தேவைக்கு மேல் தழைச்சத்து எடுத்த பயிர் அதையெல்லாம் உடனே புரதமாக்க முடியாமல், எளிதில் கரையும் அமினோ சேர்மங்களாகச் சாற்றில் தேக்கி வைக்கிறது. பூஞ்சாணத்துக்கு இதைவிட வசதியான ஆகாரம் கிடையாது. செல்சுவர் மெலிகிறது. இலை அகன்று தொங்குகிறது. வயல் அடர்ந்து, பனி காய வெயிலும் காற்றும் உள்ளே இறங்குவதில்லை. இலையில் சிலிக்காவின் செறிவும் குறைந்துபோகிறது. ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போனால் இத்தனையும் ஒன்றாக நடக்கும். இலையுறைக் கருகல் நோய்க்கும் இதே கதைதான். நெல்மணி மஞ்சள் உருண்டையாக மாறும் நெற்பழ நோயும் கொழுத்த பயிரில்தான் அதிகம். அதை லட்சுமி நோய் என்று பெயரிட்டு, விளைச்சல் பெருகும் அடையாளம் என்று நம் பெரியவர்கள் மகிழ்ந்ததற்கும் அதுவே காரணம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மூட்டை டி.ஏ.பி.யில் 9 கிலோ தழைச்சத்து. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ. நாலு மூட்டைக்கு 83 கிலோ. ஆக ஏக்கருக்கு 92 கிலோ. மத்திய, நீண்ட கால ரகங்களுக்குச் சம்பாப் பட்டத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60. வெள்ளைப் பொன்னிபோல் தழைச்சத்தைத் தாங்காத ரகத்துக்கு அதிலும் பாதிதான். நீங்கள் பரிந்துரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போடுகிறீர்கள். அதைவிடக் கவலை தருவது இருபதாம் நாள் ஒரே மூச்சில் போடும் இரண்டு மூட்டை. 41 கிலோ தழைச்சத்து ஒரே தடவை இறங்கினால் பயிர் பத்தே நாளில் கருநீலப் பச்சையாகும். பார்க்க அழகாக இருக்கும். வரப்பில் போகிறவர்கள் நின்று பாராட்டுவார்கள். குலை நோய்க்கு அதைவிட நல்ல அழைப்பு வேறில்லை.

இலை வண்ண அட்டை என்று ஒரு சிறிய அட்டை இருக்கிறது. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். நட்ட பதினான்காம் நாள் தொடங்கி வாரம் ஒரு தடவை, நேர்வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். வயலில் பத்து இடத்திலாவது பாருங்கள். பெரும்பாலான இலைகள் நான்காம் எண்ணின் பச்சைக்குக் கீழே போனால் மட்டும் யூரியா. அப்போதும் சம்பாவுக்கு எக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்ற அளவு, ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. அரை மூட்டைக்குச் சற்றே அதிகம். பயிர் கேட்கவில்லை என்றால் போட வேண்டாம். இப்படிச் செய்தால் பள்ள வயலுக்கு ஏக்கருக்கு ஒன்றரை மூட்டையாவது குறையும். கூலி மிச்சம் பார்த்து ஒரே தடவை போட்டதில் மிச்சமானதைவிட மருந்துக்கும் பதருக்கும் அதிகம் போயிருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

இலையில் முதல் கண் புள்ளி தெரிந்த அன்றைக்கு, கையில் யூரியா மூட்டை இருந்தாலும் கட்டிப் போட்டுவிடுங்கள். புள்ளி பரவுவது நின்று, புது இலை சுத்தமாக வந்த பிறகு பார்க்கலாம். இந்த நேரத்தில் பயிரைத் தேற்றுகிறேன் என்று யூரியாவும் டி.ஏ.பி.யும் கலந்து இலைவழி தெளிப்பதும் கூடாது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். குலை நோய் காய்ந்த வயலில்தான் கொடிதாக வரும். நீர் தேங்கிய மண்ணில் சிலிக்கா நன்றாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. வயல் வெடித்தால் அந்த வரத்து குறைகிறது, பயிரும் சோர்கிறது. முறைத் தண்ணீர் வரும் காலத்தில் கார்த்திகை, மார்கழி வாரங்களில் பள்ள வயல் வெடிக்காமல் மெல்லிய நீராவது நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாம்பலும் சிலிக்காவும். பக்கத்து வயல்காரர் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவர் சொல்லும் வழியில் இல்லை. நெல்லைப்போல் சிலிக்கனை உறிஞ்சும் பயிர்கள் மிகச் சில. ஒரு டன் நெல் விளைய எடுக்கும் தழைச்சத்து பதினைந்து முதல் இருபது கிலோ. சிலிக்கனோ ஏறக்குறைய எண்பது கிலோ. அது இலையின் மேல்தோலுக்கு அடியில் போய் ஒரு கண்ணாடிப் படலமாகப் படிகிறது. நெல் இலை கையைக் கீறுவதற்குக் காரணம் அதுதான். எண்பது வளிமண்டல அழுத்தத்தோடு வரும் பூஞ்சாணத்துக்கு அந்தப் படலம் தடை. அதோடு, சிலிக்கா நன்றாகக் கிடைத்த பயிர் நோய் தாக்கும்போது தன் எதிர்ப்புப் பொருள்களை வேகமாகச் சுரக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஒனோடெரா என்ற ஆய்வாளர் 1917-லேயே குலை நோய் தாக்கிய பயிருக்கும் தாக்காத பயிருக்கும் சிலிக்கா அளவில் வேறுபாடு இருப்பதைக் காட்டினார். அந்த நாட்டில் 1955-ல் இரும்பாலைக் கசடிலிருந்து வரும் சிலிக்கேட்டை உரமாகவே அங்கீகரித்தார்கள். நம் நாட்டு மண் வள அட்டையில் பன்னிரண்டு அளவுகள் இருக்கின்றன. அதில் சிலிக்கன் கிடையாது. நெல் மிக அதிகமாக எடுக்கும் சத்தை நாம் அளப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மண்ணில் மணலும் களியும் முழுக்க சிலிக்காதானே என்று கேட்பீர்கள். உண்மை, ஆனால் அது கரையாத சிலிக்கா. வேருக்கு வேண்டியது நீரில் கரைந்த சிலிசிக் அமிலம். அது பழைய வைக்கோலும் உமியும் மட்கி வருவதிலிருந்தும், பாசன நீரிலிருந்தும் கிடைக்கும். அதை உள்ளே இழுக்கும் வாயில் வேரில் இருக்கிறது. அந்த வாயிலுக்குரிய மரபணுவை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா குழுவினர் 2006-ல் கண்டுபிடித்தார்கள். இலைமேல் பட்டதை உள்ளே இழுக்க அப்படிப்பட்ட வாயில் இல்லை. எனவே இலையில் தெளிக்கச் சொல்லி விற்கும் சிலிக்கா திரவங்கள் இலையின் மேற்பரப்பில் தங்கி ஓரளவு பூஞ்சாணத்தைத் தடுக்கலாமே தவிர, வேர் வழி வரும் சிலிக்காவுக்கு ஈடாகாது. மண்ணில் இடும் குருணை என்றால் ஒரே ஒரு மாவில் போட்டு, பக்கத்து மாவில் போடாமல் விட்டு, அறுவடையில் எடை பார்த்து முடிவு செய்யுங்கள். ஐந்து ஏக்கருக்கும் ஒரேயடியாக வாங்கிவிட வேண்டாம்.

சாம்பலை இலைமேல் தூவினால் குலை நோய் போகாது. நாற்றங்காலிலும் அடியுரமாகவும் போட்டால் பயன் உண்டு. உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். ஆனால் எல்லா உமிச்சாம்பலும் ஒன்றில்லை. அதிக வெப்பத்தில் எரிந்து வெளுத்துப்போன கொதிகலன் சாம்பலில் சிலிக்கா படிகமாக இறுகிவிடும், எளிதில் கரையாது. தணிந்த தீயில் கருகின கறுப்பு உமிச்சாம்பல் நல்லது. நாற்றங்காலில் அதைப் போட்டால் நாற்றுப் பறிக்கவும் இலகுவாக இருக்கும். சாம்பலை யூரியாவோடும் டி.ஏ.பி.யோடும் கலக்காதீர்கள். அதன் காரத்தன்மையில் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மண் வள அட்டையில் கார அமில நிலை ஏற்கெனவே எட்டரைக்கு மேல் இருந்தால் சாம்பலே வேண்டாம்.

மேட்டு வயலுக்கு வருகிறேன். எனக்கு அதிகக் கவலை அதன்மேல்தான், ஏனென்றால் அங்கே மருந்தால் மட்டும் தீராது. மணல் கலந்த மண்ணில் பொட்டாஷ் தங்குவதில்லை. நீங்கள் போடுவதையும் நிறுத்திவிட்டீர்கள். இருந்ததை வைக்கோல் கட்டு வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு போகிறது. பயிர் பொட்டாஷ் எனும் சாம்பல்சத்து இல்லாமல், தழைச்சத்தும் சீக்கிரம் வடிந்துபோய், பொதி கட்டும் நேரத்துக்கு வெறும் வயிற்றோடு நிற்கிறது. செம்புள்ளிப் பூஞ்சாணம் அங்கே நுழைகிறது. இதே பூஞ்சாணம் 1942-ல் வங்கத்தில் என்ன செய்தது என்று கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.ஒய். பத்மநாபன் 1973-ல் ஒரு கட்டுரையில் விவரித்தார். அதையடுத்து வந்த 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்துக்குப் போர்க்கால நிர்வாகமும் விலையேற்றமும்தான் முதற்காரணம் என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் உள்ளிட்டோர் வாதாடியிருக்கிறார்கள். நோய் தாக்கி விளைச்சல் விழுந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது பத்மநாபன் தரப்பு. அரிசி உண்ணும் நாட்டில் இலைப்புள்ளி சின்ன விஷயமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த வயலில் நடவுக்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். கிடைக்கும் சாம்பல்சத்து எக்டேருக்கு 118 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். அப்படி வந்தாலும் வராவிட்டாலும், பரிந்துரையளவான எக்டேருக்கு 50 கிலோ சாம்பல்சத்தைக் கொடுங்கள். ஏக்கருக்கு 33 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ். உங்கள் ஐந்து மாவுக்கும் சேர்த்து ஒரு மூட்டையும் கொஞ்சமும்தான் ஆகும். மணல் மண் என்பதால் பாதியை அடியுரமாகவும் பாதியைக் கதிர் உருவாகும் தருணத்திலும் பிரித்துப் போடுங்கள். நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். டி.ஏ.பி.யோடு சேர்த்துத் தூவக் கூடாது, மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த வயலில் யூரியாவைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். சிறிது சிறிதாக, அதிகத் தவணையில் கொடுக்கச் சொல்வேன்.

பொட்டாஷ் விலை உங்களைக் கடிக்கிறது என்று தெரியும். நம் நாட்டில் பொட்டாஷ் சுரங்கம் இல்லை, கப்பலில் வருவதைத்தான் வாங்குகிறோம். யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்வரை விவசாயியின் கை யூரியாப் பக்கமே போகும். குற்றம் விவசாயியுடையது இல்லை, விலை அவரை அப்படித் தள்ளுகிறது. பள்ள வயலில் மிச்சமாகும் ஐந்து மூட்டை யூரியாவின் பணம் 1,330 ரூபாய் வரை வரும். அதை மேட்டு வயலின் பொட்டாஷுக்குத் திருப்புங்கள். ஆனால் பள்ள வயலில் யூரியாவைக் குறைக்காமல் பொட்டாஷை மட்டும் ஏற்றினால் குலை நோய் அடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தழைச்சத்து மிதமிஞ்சிய நிலையில் பொட்டாஷ் கூட்டியபோது குலை நோய் கூடிய சோதனைகளும் உண்டு.

மேட்டு வயலில் ஒரு தூரைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் சரி. கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் மண்ணில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்து வேர் இறக்கிறது. ஜப்பானில் 'அக்கியோச்சி' என்று பெயர் பெற்ற, இரும்புச்சத்து வடிந்துபோன மணல் வயல்களில் நடந்தது இதுதான். பயிர் முதலில் நன்றாக வளர்ந்து, பின்பருவத்தில் செம்புள்ளியோடு வாடிவிடும். அப்படி இருந்தால் அந்த வயலை இரண்டு மூன்று நாள் வடித்துக் காயவிட்டு மறுபடி கட்டுங்கள். பள்ள வயலைக் காயவிடாதே என்றவன் இதைக் காயவிடு என்கிறானே என்று குழம்ப வேண்டாம். இரண்டு வயலையும் ஒரே முறையில் நடத்துவதால் வந்த சிக்கல்தான் உங்களுடையது.

மருந்தை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். மேட்டு வயலில் சத்து சரியானால் பெரும்பாலும் விட்டுவிடலாம். பள்ள வயலில், பி.பி.டி. நடும் வரை, முழுக்க விடச் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை. இலைக்குலை வந்தாலும் பயிர் தேறிவிடும், கழுத்துக்குலை வந்தால் தேறாது. இலையில் நோய் இருந்து, கதிர் வெளிவரும் நேரத்தில் மூட்டமும் பனியும் சேர்ந்தால் கழுத்தைக் காக்க ஒரு தெளிப்பு தேவைப்படும். தொண்டைக்கதிர் வெடிக்கத் தொடங்கும்போதே அடிக்க வேண்டும், கழுத்துக் கறுத்த பிறகு வேண்டாம். மருந்துப் பொட்டலத்தில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். மூன்று தெளிப்பு ஒன்றாகக் குறைவது உரத்தின் பங்கு. விதையைக் கிலோவுக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ் கலந்து விதையுங்கள். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள், பூஞ்சாண வித்து விதையோடும் வரும். அடுத்த சம்பாவில் இரண்டு மாவிலாவது டி.கே.எம். 13 நட்டுப் பாருங்கள். பி.பி.டி.போல் சன்ன ரகம், குலை நோயை ஓரளவு தாங்கும். வியாபாரி என்ன விலை கேட்கிறார் என்பதையும் அதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

வைக்கோலைப் பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். விற்பது தப்பில்லை, மாட்டுக்கு வேண்டும், பணமும் வேண்டும். ஆனால் என்ன விற்கிறீர்கள் என்று தெரிந்து விற்க வேண்டும். நூறு கிலோ வைக்கோலில் 1.2 முதல் 1.7 கிலோ பொட்டாசியமும், 4 முதல் 7 கிலோ சிலிக்கனும் இருக்கின்றன. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் போனால் ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷும் நூறு கிலோ சிலிக்கனும் சேர்ந்து போகின்றன. கட்டுக்காரர் தரும் தொகையோடு ஒரு மூட்டை பொட்டாஷின் விலையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். எரிப்பதைவிட விற்பது மேல், விற்பதைவிட வயலுக்குத் திருப்புவது மேல். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நோய் கண்ட வைக்கோலை அப்படியே வயலோரம் குவித்து வைத்தாலோ நாற்றங்காலில் மூடாக்காகப் போட்டாலோ அடுத்த பட்டத்துக்கு நீங்களே வித்து சேமித்துக் கொடுப்பதாகும். சாணிக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் குவித்து, உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறும்படி மட்க விட்டு, இரண்டு மூன்று தடவை புரட்டிப் போடுங்கள். மாடு இருந்தால் அதற்குப் போட்டு, சாணமாகத் திருப்பினாலும் சரி. முழு வைக்கோலையும் நிறுத்த முடியாவிட்டால் பாதியை நிறுத்துங்கள். மட்கியதை முதலில் மேட்டு வயலுக்குப் போடுங்கள், மிச்சம் இருந்தால் பள்ள வயலுக்குப் போகட்டும்.